கப்பல் ஏறாத பருத்தி

தந்திக் கருவியைத் தட்டுவது எப்படி என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என்னைவிட வேகமாகவே தட்டுவீர்கள். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்திலிருந்து நல்லதாக நாலு விஷயம் சொல்லும்படி கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். நல்லது எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு கெட்டது வந்து நின்றுகொண்டது. அதையே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் தந்தி ஆபீசில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. அந்தப் பக்கம் அப்போது ரயில் கிடையாது. ராஜபாளையம், செட்டியார்பட்டி, மலையடிவாரத்துக் கூமாப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் விளையும் பருத்தியெல்லாம் மாட்டு வண்டியில் விருதுபட்டி ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி. பிறகு கப்பல். வெளியூர் விலை என்ன, கப்பல் எப்போது வரும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய எங்கள் ஆபீஸ் ஜன்னலை விட்டால் வேறு வழி இல்லை. அதனால் அந்த ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள்.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். மிளகாய் வியாபாரி ஒருவருக்கு ‘விற்காதே’ என்று இங்கிலீஷில் வந்த தந்தியில் மூன்றெழுத்து வார்த்தை ஒன்றை விட்டுவிட்டு எழுதினேன். அது ‘விற்றுவிடு’ என்று ஆகிவிட்டது. கடைசி நிமிஷத்தில் போஸ்ட்மாஸ்டர் பார்த்துவிட்டு, என்னையே திருத்திய தாளோடு மிளகாய் மண்டிக்கு ஓடச் சொன்னார். நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்ததும், “கை தப்புப் பண்ணா திருத்த நான் இருக்கேன். வாய் தப்புப் பண்ணிராதீரும். அத யாராலயும் திருத்த முடியாது” என்றார். வருகிற சேதியை வெளியில் சொல்லாதே என்று எச்சரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ரகசியம் காப்பதாகப் பிரமாணம் எழுதிக் கொடுத்துத்தான் வேலைக்கு வந்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள்.

ராஜபாளையத்தில் சேகு மைதீன் ராவுத்தர் என்று ஒரு பருத்தி வியாபாரி இருந்தார். பெரிய பணக்காரர் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பருத்தியைச் சேர்த்து, ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வரும் பணத்தைப் பயிர் செய்த சம்சாரிகளுக்குக் கொடுப்பார். அவர் வந்து நின்றால் சம்சாரிகள் எடை போட்டுப் பார்க்காமலே மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பார்கள். அப்படி ஒரு பேர் அவருக்கு. என் அப்பாவுக்கு அவர் பழக்கம். அதனால் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலில் முகத்தை நீட்டி, “என்ன மாப்ளே, தூத்துக்குடிப் பக்கம் விசேஷம் உண்டா?” என்பார். “விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா” என்பேன். சில நாள் கப்பல் வந்து நிற்கிறது என்பேன். பத்திரிகையில் வந்த விலையைச் சொல்வேன். ரகசியம் எதையும் சொன்னதில்லை. சும்மா பேச்சுத்தான். அந்தச் சும்மா பேச்சில் என்ன தப்பு என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் யுத்தம் மூளுவதற்கு முந்திய மார்கழி அது. ஜப்பான் மில்லுக்காரர்கள் எங்கள் பக்கத்துப் பருத்தியை விரும்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடியில் இருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனி எங்கள் ஊரில் ஓர் ஏஜெண்டைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. விலை ஏறட்டும் என்று சம்சாரிகள் போன வெள்ளாமைப் பருத்தியை வீட்டு அறைகளில் அடைத்து வைத்திருந்தார்கள். அது முழுவதையும் பொங்கலுக்கு முன்னால் விருதுபட்டியில் கொண்டுவந்து இறக்குவதாக ராவுத்தர் ஏஜெண்டோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதை என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. இரண்டு தேசத்து அரசாங்கங்களுக்குள் தகராறு ஏற்பட்டுக் கப்பல் தடைப்பட்டால், சரக்கை எடுத்துக்கொள்ளும் கடமை கம்பெனிக்குக் கிடையாது.

“எந்தத் தேசத்துக்கும் எந்தத் தேசத்துக்கும் மாப்ளே?” என்று கேட்டார்.

“ஏதோ ரெண்டு தேசம். எல்லாக் காயிதத்துலயும் இத எழுதுவாங்க மாமா.”

“சரித்தான். எங்கயோ ரெண்டு ராசாக்க மொறச்சிக்கிட்டா கூமாப்பட்டிப் பருத்தி என்ன செய்யும்?”

இரண்டு பேரும் சிரித்தோம். மஞ்சூரியாவையும் கொரியாவையும் வைத்து அந்த இரண்டு அரசாங்கங்களும் மாதக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை நான் சென்னைப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கடிதத்தையும் இந்தக் காகிதத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி முடியப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை வேளையில் ஏஜெண்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து தந்தி வந்தது. வழக்கமாக அவர்கள் சங்கேத வார்த்தைகளில்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு அவசரத்தில் பச்சையாகவே வந்தது. பேச்சு முறியும் நிலை. ஜப்பான் சர்க்கார் கப்பல்களைப் பட்டாளத்துக்குத் திருப்பிக்கொண்டது. நம் கப்பல் வராது. புதுச் சரக்கு எடுக்காதே. கையிருப்பை விருதுபட்டியில் உடனே தள்ளிவிடு. வெளியே தெரியக் கூடாது.

எழுதி முடித்துத் தாளைப் பார்த்தேன். ராவுத்தரின் வண்டிகள் மறுநாள் விடியக்காலை ராஜபாளையத்திலிருந்து புறப்படுவதாக இருந்தது.

ஏஜெண்டு தந்தியை வாங்கிப் படித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குதிரை வண்டி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் விருதுபட்டி ரஸ்தாவில் போய்விட்டார். சேதி பரவுவதற்குள் கம்பெனியின் கையிருப்பை விற்றாக வேண்டும். ராவுத்தரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே ஏஜெண்டு சொல்லவில்லை. அவர் பார்வையில் அது அவருடைய வேலை.

அன்று மத்தியானம் ராவுத்தர் வந்தார். கூமாப்பட்டியில் கடைசி மூட்டைகளை ஏற்றிவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, எப்போதும் போலவே கேட்டார்.

“என்ன மாப்ளே, தூத்துக்குடிப் பக்கம் விசேஷம் உண்டா?”

பதில் சொல்லாமல் இருந்தால் உடனே சந்தேகப்படுவார். நான் ஒருநாளும் அவருக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. வேலை அதிகம், அப்புறம் வாருங்கள் என்றாலும் சந்தேகப்படுவார். எப்படிச் சொன்னாலும் அது சேதியைச் சொன்னதாகத்தான் முடியும் என்று பட்டது. பிரமாணம் எழுதிக் கொடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. அப்போது என் மனைவிக்கு ஏழு மாதம். வேலை போனால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள்.

“விசேஷம் ஒண்ணும் இல்ல மாமா” என்றேன்.

“அப்பச் சரி. முப்பத்தெட்டு வண்டி. நாளைக்கிக் காலையில இந்த வழியாத்தான் போவுது, பாருங்க” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போனார்.

பின்னால் உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சேதியக் குடுக்கது ஒரு வேலை. சேதிய வச்சிக்கிடுதது ஒரு வேலை. இந்த ஆபீசுல நமக்கு அந்த ரெண்டுதான் உண்டு. இப்பம் நீரு மூணாவதா ஒண்ணு செஞ்சிட்டீரு.”

நான் வெளியே போனேன். ராவுத்தரின் வில்வண்டி பள்ளிவாசலுக்கு எதிரே நின்றது. மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அவருடைய குடையும், மாதிரிப் பருத்தி கட்டிய சின்ன மூட்டையும் இருந்தன. மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வந்ததும் ஏதாவது சொல்லலாம், வண்டியை ரெண்டு நாள் நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் சேதியைச் சொன்னதுதானே என்று உடனே நினைத்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை முப்பத்தெட்டு வண்டியும் எங்கள் ஆபீஸ் வாசல் வழியாகப் போயின. முன்வண்டியில் வண்டிக்காரர்களுக்குத் தலைவரான ராமராஜு உட்கார்ந்திருந்தார். ராவுத்தர் தன் வில்வண்டியிலிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மூன்றாம் நாள் விருதுபட்டியிலிருந்து ராவுத்தர் ஏஜெண்டுக்குக் கொடுத்த தந்தியை நான்தான் வாங்கினேன். ‘சரக்கு இறக்க மறுக்கிறார்கள். வானம் மூடியிருக்கிறது. உடனே வரவும்.’ ஆளை அனுப்பிப் பார்த்தேன். ஏஜெண்டின் வீடு பூட்டிக் கிடந்தது. கையிருப்பை விற்றுவிட்டு விருதுபட்டியிலிருந்தே தூத்துக்குடிக்கு ரயில் ஏறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ‘விலாசதார் ஊரில் இல்லை’ என்று விருதுபட்டிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். போஸ்ட்மாஸ்டர், “நான் அனுப்பட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி நானே தட்டினேன். சின்னச் சேதிதான். ஆனால் நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மார்கழிக் கடைசியில் அப்படி ஒரு மழை எங்கள் பக்கத்தில் அபூர்வம். இரண்டு நாள் விடவில்லை.

விருதுபட்டியில் நடந்ததை ராமராஜு திரும்பி வந்து சொன்னார். சேதி அதற்குள் அங்கே பரவிவிட்டதால் எல்லா வியாபாரிகளும் தங்கள் சரக்கைக் கிட்டங்கிகளில் அடைத்துவிட்டார்கள். வெளியூர் வண்டிக்கு இடம் இல்லை. ராவுத்தர் காகிதத்தை எடுத்துக் காட்டினார். கம்பெனி கிட்டங்கிக்காரன் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினான். ஸ்டேஷனுக்கு வெளியே பொட்டலில் வண்டிகளை நிறுத்தி, கிடைத்த பனையோலைப் பாயையும் சாக்கையும் போட்டு மூடினார்கள். பாதி வண்டிக்குத்தான் காணும்.

“ஒரு யாவாரி வந்து அடிமாட்டு வெலைக்கிக் கேட்டாரய்யா. குடுத்துருந்தா பாதியாச்சும் தேறியிருக்கும். ராவுத்தர் மாட்டேன்னுட்டாரு. ‘இது எம் பருத்தி இல்ல. சம்சாரிகளக் கேக்காமக் குடுக்க எனக்குப் பாத்தியம் இல்ல’ன்னு சொல்லிட்டு மழையில நின்னாரு. ஏம் சேசேதி, ஏம் சேசேதி” என்று ராமராஜு தெலுங்கில், என்ன செய்வது என்று புலம்பித் தலையில் அடித்துக்கொண்டார். சகதியில் கால் பிசகி ஒரு மாடு விழுந்து செத்துவிட்டது. நனைந்த பருத்தியோடு முப்பத்தேழு வண்டி திரும்பி வந்தது.

ராவுத்தர் அந்தப் பருத்தியை ஊர் ஊராகக் கொண்டுபோய், எந்த வீட்டில் ஏற்றினாரோ அந்த வீட்டிலேயே இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூமாப்பட்டிக்குப் போனேன். அவரைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு பாறை. அதன்மேல் காளியப்பன் என்ற சம்சாரியும் ராவுத்தரும் பருத்தியைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருத்தியை நம்பிக் காளியப்பன் தோட்டத்தில் கிணறு தோண்ட ஆரம்பித்திருந்தார். பாதியில் நின்ற கிணறு பாறைக்குக் கீழேயே தெரிந்தது. வெள்ளையாக இருந்த பருத்தி பழுப்பேறி, கட்டி கட்டியாகக் கிடந்தது. புளித்த வாடை ரஸ்தா வரை வந்தது. ராவுத்தர் குந்தி உட்கார்ந்து, கட்டிகளைக் கையால் பிய்த்து உதறி உதறிப் போட்டார். காளியப்பன் அவரைத் திட்டவில்லை. “மாமா, இங்கன கொஞ்சம் நெழல் விழுது, அந்தப் பக்கமாப் போடுங்க” என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். போய், என்னைத் திட்டு என்று நின்றிருப்பேன். அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே நடந்தேன்.

கொஞ்ச நாளில் யுத்தம் மூண்ட சேதி பத்திரிகையில் வந்தது. ஊரில் பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று பந்தயம் கட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சிப்பாய்கூட அந்த யுத்தத்துக்குப் போகவில்லை. ஆனாலும் ராஜபாளையத்தில் ஒரு வீடு காலியாயிற்று. ராவுத்தர் வண்டியையும் மாடுகளையும் விற்று, யாருக்கெல்லாம் நஷ்டமோ அவர்களுக்குத் தன்னால் ஆனதைக் கொடுத்தார். அது போதவில்லை. அதன் பிறகு அவர் போய் நின்றாலும் பருத்தி தருவார் இல்லை. கோபத்தால் இல்லை. பயம்.

மாசி மாதம் அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். பினாங்கில் கடை வைத்திருந்த தன் மச்சினனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். எழுதித் தரச் சொன்னார். புறப்பட்டு வருகிறேன், வேலை வேண்டும் என்று எழுதினேன். நாற்பத்தாறு வயது மனிதர். படிவத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன், கையெழுத்துக்கு. அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“மாப்ளே, ஒண்ணு கேக்கேன். ஏஜெண்டு குதிர வண்டி கேட்டுக்கிட்டு ஓடுனது நான் வந்த அன்னைக்கிக் காலையிலங்காங்க. அப்ப அவனுக்கு இங்கனதான தந்தி வந்துருக்கணும்? நான் கேட்டப்ப ஒங்களுக்குத் தெரியுமா?”

இரண்டு மாதமாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தது அதைத்தான். இப்போது அவரே கேட்கிறார். ஆனால் அந்தத் தந்தி இன்னும் அடுத்தவர் தந்திதான். யுத்தம் வந்துவிட்டது என்பதற்காக என் பிரமாணம் தீர்ந்துவிடவில்லை. மறுபடி பொய் சொல்லவும் என்னால் முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“வந்த சேதியப் பத்தி நான் சொல்லக் கூடாது மாமா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. களைத்துப்போன முகத்தில் மெதுவாக ஏதோ விளங்கியது.

“இதையே அன்னைக்கிச் சொல்லியிருக்கலாமே மாப்ளே” என்றார். “அது போதுமே எனக்கு.”

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வார்த்தைகளை எண்ணினேன். ஏழு. உடனே அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது ஜன்னலில் வேறு ஆள் நின்றிருந்தார்.

அந்த வாரமே அவர் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு சேதியும் வரவில்லை.

ரகசியத்தைக் காத்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ராவுத்தருக்கு ஒரு சேதியைச் சொன்னால், நாளைக்கு ராவுத்தரின் சேதியை இன்னொருவருக்குச் சொல்வேன். பிறகு அந்த ஜன்னலுக்கே மதிப்பு இல்லை. தப்பு எங்கே என்றால், அதற்கு முந்திய மூன்று வருஷம். சேதி இல்லாத நாளெல்லாம் “விசேஷம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிச் சொல்லி, சேதி வந்த நாளில் சொல்ல வேறு வார்த்தை இல்லாமல் செய்துகொண்டேன். முதல் நாளிலிருந்தே “நான் சொல்லக் கூடாது” என்று எல்லாரிடமும் சொல்லிப் பழகியிருந்தால், அன்றைக்கும் அதையே சொல்லியிருப்பேன். அது எதையும் காட்டிக் கொடுத்திருக்காது. என் வார்த்தையை நம்பி அவரும் வண்டியைக் கட்டியிருக்க மாட்டார். விருதுபட்டிக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரித்திருப்பார். அவ்வளவு கெட்டிக்காரர்தான் அவர்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை அப்படியே சொன்னேன். கப்பல் வந்ததா, மழை பெய்ததா, மெட்ராசில் என்ன விலை என்று யார் கேட்டாலும் ஒரே பதில். தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரில் பேர் வாங்கினேன். என் சம்பந்தி ஒருமுறை வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். பேச ஆள் இல்லாத வேலையாக அது ஆகிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது என் தோளில் கை வைத்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

உங்கள் காலத்திலும் எங்கோ இரண்டு அரசாங்கங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊரில் வேறு யாருக்கும் தெரியும் முன்னால் அது உங்கள் மேஜைக்கு வரும். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் பெரும்பாலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவராகத்தான் இருப்பார்.